மலையேற மலையேற மாறும் இலைக்குடிகள்: மௌனா லோவாவின் ஓஹியா மரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பச்சையாக, புள்ளி ஒன்றும் விழாமல் இருக்கும் ஒரு மர இலையைப் பறியுங்கள். எரிசாராயத்திலும் பிறகு பிளீச்சிங் கரைசலிலும் முக்கி எடுத்து, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுங்கள். சுத்தமான கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்கி, அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) ஊற்றிய தட்டில் வைத்து மூடுங்கள். சில நாளில் துண்டுகளின் வெட்டுவாயிலிருந்து வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக இழைகள் கிளம்பி வரும். அவை காற்றிலிருந்து வந்து விழுந்தவை அல்ல. இலைக்குள்ளேயே, செல்களின் இடுக்கில், நோய் எதுவும் காட்டாமல் குடியிருந்தவை. எண்டோஃபைட் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இவற்றைத் தமிழில் அகவாழ் பூஞ்சை எனலாம்.

ஒரு மரத்தின் இலைக்குள் எந்தப் பூஞ்சை குடியேறும் என்பதை எது தீர்மானிக்கிறது? மரத்தின் இனமா, அது நிற்கும் இடமா? கேட்க எளிய கேள்விதான். ஆனால் இதற்கு ஒழுங்காக விடை காண்பது கடினம். காரணம், இயற்கையில் இடம் மாறினால் மரமும் சேர்ந்தே மாறிவிடுகிறது.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் எலிசபெத் ஆர்னல்டும் உடன் ஆய்வாளர்களும் எடுத்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கை முதலில் பார்க்க வேண்டும். இரண்டே மர இனங்கள், 83 இலைகள். அவற்றிலிருந்து வளர்ந்த பூஞ்சைகளை உருவத்தை வைத்துப் பிரித்தபோது 418 வகைகள் தேறின. மரபணு வேறுபாட்டைக் கொண்டு மதிப்பிட்டபோதும் 347 எஞ்சின. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை மட்டும் கிடைத்தவை. அதாவது, தேடல் இன்னும் பாதியைக்கூடத் தொட்டிருக்காது என்பதற்கான அறிகுறி.

பிறகு 2007-இல் ஆர்னல்டும் ஃபிரான்சுவா லுட்சோனியும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து பனாமாவின் தாழ்நிலக் காடுவரை நீண்ட ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். துருவப் பக்கத்தில் இலைத் துண்டுகளில் மிகச் சிலவற்றில்தான் பூஞ்சை இருந்தது. நடுக்கோட்டை நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போய், பனாமாவில் ஏறக்குறைய ஒவ்வொரு துண்டிலும் பூஞ்சை கிடைத்தது. இன்னொன்றும் தெரிந்தது. குளிர்நாட்டு இலைகளில் பூஞ்சை இனங்கள் குறைவு, ஆனால் அவை பல வகுப்புகளிலிருந்து, அதாவது பூஞ்சைகளின் பல பெரும் பிரிவுகளிலிருந்து, வந்தவை. வெப்பநாட்டு இலைகளில் சில வகுப்புகளே ஆதிக்கம் செலுத்துகின்றன, அந்தச் சிலவற்றுக்குள் இனங்கள் ஏராளம்.

இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனாலும் வடக்கே நிற்கும் ஊசியிலை மரமும் பனாமாவில் நிற்கும் அகன்ற இலை மரமும் ஒன்றல்ல. மண் வேறு, காட்டின் வயது வேறு, கண்டத்தின் வரலாறு வேறு. வேறுபாட்டுக்குக் காலநிலை காரணமா, மரம் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் மரம் ஒன்றாகவும், பாறை ஒன்றாகவும், தூரம் குறைவாகவும் இருக்க, மழையும் வெப்பமும் மட்டும் பெரிதாக மாறும் ஓர் இடம் வேண்டும். உலகில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று பசிபிக் கடலின் நடுவே இருக்கிறது.

மலை

ஹவாய்ப் பெருந்தீவின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு மௌனா லோவா என்ற ஒரே எரிமலைதான். கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். உயரம் அவ்வளவு இருந்தும் செங்குத்தாக நிற்காமல், மிக மெதுவான சரிவோடு பரந்து கிடக்கிறது. கடைசியாக 2022 நவம்பரில் வெடித்தது.

வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வணிகக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து இந்தச் சரிவில் மோதி மேலேறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, கிழக்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. மேற்கும் தென்மேற்கும் மழைமறைவு. சுமார் 2,000 மீட்டருக்குச் சற்று மேலே இன்னொரு விஷயம் நடக்கிறது. அங்கே காற்றின் வெப்பநிலை குறைவதற்குப் பதில் கூடுகிறது. இந்த வெப்பத் தலைகீழ் அடுக்கு மேகங்களை அதற்கு மேல் எழவிடுவதில்லை. எனவே கீழே மழைக்காடு, நடுவே மேகக்காடு, அதற்கும் மேலே போனால் வெயிலும் குளிரும் வறட்சியும் சேர்ந்த திறந்த வெளி என்று நிலம் அடுக்கடுக்காக மாறுகிறது.

எண்களில் சொன்னால், இந்த மலையில் வளரும் ஓஹியா மரத்தின் இலைப்பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வு எடுத்துக்கொண்ட எல்லை இது: ஆண்டு மழை 500 மில்லிமீட்டரிலிருந்து 5,500 வரை, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 10 டிகிரியிலிருந்து 22 டிகிரி செல்சியஸ் வரை. தமிழ்நாட்டு வாசகருக்கு அளவு புரிய வேண்டுமானால், தாராபுரம் பக்கத்து மழைமறைவையும் வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாற்றின் அடைமழையையும் ஒரே மலையின் இரு பக்கங்களாக வைத்து நினைத்துக்கொள்ளலாம். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆகவே இந்த 12 டிகிரி வேறுபாடு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சமவெளியில் இதே வேறுபாட்டைக் காணப் பல அகலாங்குகளைக் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

பாறையும் எங்கும் ஒரே வகை, பசால்ட். எந்த எரிகுழம்பு எந்த ஆண்டில், எந்த நூற்றாண்டில் ஓடியது என்பதைப் புவியியலாளர்கள் வரைபடமாக்கி வைத்திருக்கிறார்கள். மண்ணை உருவாக்குபவை காலநிலை, உயிர்கள், நில அமைப்பு, மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் என்று மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வகுத்தார். அந்த ஐந்தில் சிலவற்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றிப் பார்க்க இந்த மலை இடம் தருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் விட்டூசெக் ஹவாயிலேயே பிறந்தவர். 1990-களின் தொடக்கத்திலிருந்து அவரும் குழுவும் மௌனா லோவாவை இந்தக் கண்ணோடு பயன்படுத்தி, இலைச் சத்துகளும் மண் சத்துகளும் உயரத்தோடும் மழையோடும் எப்படி மாறுகின்றன என்று அளந்து வைத்திருந்தார்கள். பூஞ்சை ஆய்வு அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது.

மரம்

ஓஹியாவின் அறிவியல் பெயர் மெட்ரோசிடெரோஸ் பாலிமார்ஃபா. நம் நாவலும் கொய்யாவும் யூகலிப்டஸும் சேர்ந்த மிர்ட்டேசி குடும்பம்தான். லேஹுவா எனப்படும் அதன் பூ இதழ்களால் அல்ல, சிவந்த மகரந்தத் தாள்களால் ஆனது. ஹவாயின் பூர்வீகக் காடுகளில் மிகப் பரவலான மரம் இதுவே. தேன்சிட்டுகளைப் போலத் தேனுண்ணும் அபபானே, ஈஈவி பறவைகளுக்கு இதுதான் உணவு. எரிமலைத் தெய்வம் பேலேயின் கதைகளில் இந்த மரத்துக்குத் தனி இடம் உண்டு. எரிகுழம்பு ஆறி இறுகிய கரும்பாறையில் முதலில் வேர்விடும் மரமும் இதுவே. தூசி போன்ற அதன் விதையைக் காற்று எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டர் வரை ஒரே இனம். ஆனால் உருவம் ஒன்றல்ல. ஈரமான தாழ்வில் இலை வழவழப்பாகவும் அகலமாகவும் இருக்கும். உயரத்தில் சிறுத்து, தடித்து, அடிப்பக்கம் அடர்ந்த ரோமத்தோடு இருக்கும். உயரம் கூடக்கூட இலையின் ஒரு கிராமில் உள்ள நைட்ரஜன் குறையும். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள். பூஞ்சைக்கு இலைதான் நிலம் என்பதால், பிறகு இது ஒரு சிக்கலைக் கொண்டுவரும்.

என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது

ஆய்வாளர் நௌபாகா சிம்மர்மனும் விட்டூசெக்கும் மலையின் 13 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இடத்துக்குப் பத்து மரம், மரத்துக்குப் பத்து இலை. ஆக 1,300 இலைகள். மேற்பரப்பைத் தூய்மைப்படுத்திய பின், தட்டில் வளர்த்துப் பார்ப்பதற்குப் பதிலாக இலையிலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்து, பூஞ்சைகளை அடையாளம் காட்டும் பகுதியைப் படியெடுத்து, பைரோசீக்வென்சிங் முறையில் வரிசைப்படுத்தினார்கள். இது முக்கியமான தேர்வு. அகார் தட்டில் வளர மறுக்கும் பூஞ்சைகள் மிகப் பல. வேகமாக வளரும் சில இனங்கள் தட்டை நிரப்பி மற்றவற்றை மறைத்துவிடும். டிஎன்ஏ வழி போனால் இந்த இரு தடைகளும் பெருமளவு விலகும்.

2012-இல் வெளியான முடிவு இது. ஓர் இடத்தில் சராசரியாக 551 வகைகள். பதின்மூன்று இடங்களையும் சேர்த்தால் 4,200-க்கும் மேல். இங்கே ‘வகை’ என்பது டிஎன்ஏ ஒற்றுமையை வைத்துத் தொகுத்த அலகு. பெயரிட்ட இனம் என்று பொருள் கொள்ளக் கூடாது. இருந்தாலும், ஒரே மர இனத்தின் இலைகளில், ஒரே மலையில், இவ்வளவு.

எண்ணிக்கையைவிட அந்த இரண்டு எண்களுக்கு இடையிலான உறவுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 551-ஐ 13-ஆல் பெருக்கினால் 7,163. அதை 4,200 வகைகளுக்குப் பகிர்ந்தால், ஒரு வகை சராசரியாக இரண்டு இடங்களில்கூடக் காணப்படவில்லை. இலையின் உள்ளே இருந்த வகைகளில் பெரும்பகுதி அந்தந்த இடத்துக்கே உரியது. இடத்துக்குள் இருந்த பன்மையைவிட இடங்களுக்கு இடையே இருந்த வேறுபாடே மொத்தக் கணக்கில் அதிகப் பங்கு வகித்தது. அந்த வேறுபாடு தாறுமாறாகவும் இல்லை. வெப்பமும் மழையும் ஒத்திருந்த இடங்களின் பூஞ்சைக் கூட்டங்கள் தங்களுக்குள் ஒத்திருந்தன. அவை விலக விலக, கூட்டங்களும் விலகின.

‘ஓஹியாவின் பூஞ்சைகள்’ என்று ஒரு பட்டியல் போட்டால் அது ஏறக்குறைய பொருளற்றது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு. மரத்தின் பெயரோடு மலையின் பக்கத்தையும் உயரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பட்டியலுக்கு அர்த்தம் வரும்.

நுண்ணுயிரியலில் பழைய கூற்று ஒன்று உண்டு. டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934-இல் முன்வைத்தது: எல்லா நுண்ணுயிரும் எங்கும் போய்ச் சேருகிறது, ஆனால் எது நிலைப்பது என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது. இதன் முதல் பாதி இன்று கடுமையான விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. ஆனால் மௌனா லோவாவில் இடங்கள் காற்றுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு சரிவில் எழும் பூஞ்சை வித்து (ஸ்போர்) இன்னொரு சரிவுக்குப் போய் விழ நாட்களே போதும். அப்படியிருந்தும் கூட்டங்கள் கலந்து ஒன்றாகிவிடவில்லை. வந்து விழுவதில் அல்ல, விழுந்த பின் உள்ளே நுழைந்து தங்குவதில்தான் தேர்வு நடக்கிறது என்று இந்த மலையளவிலாவது சொல்லலாம்.

எப்படி நடக்கிறது அந்தத் தேர்வு

மரங்களின் அகவாழ் பூஞ்சைகளில் பெரும்பாலானவை விதை வழியாகத் தாயிடமிருந்து வருவதில்லை. துளிர்விடும் இலை ஏறக்குறைய காலியாகவே பிறக்கிறது. பிறகு மழைத்துளியும் காற்றும் கீழே மட்கும் சருகும் பக்கத்து மரங்களும் கொண்டுவரும் வித்துகள் அதன் மேல் விழுகின்றன. விழுந்த வித்து முளைத்து, இலைத்துளை வழியாகவோ மெழுகுப் படலத்தைத் துளைத்தோ உள்ளே போகிறது. போனபின் பெரும்பாலும் மிகச் சிறிய பரப்பில் ஒடுங்கிவிடுகிறது. ஓரிகன் மாநிலத்து டக்ளஸ் ஃபர் மரத்தின் ஊசியிலைகளில் வாழும் ரப்டோக்லைன் பார்க்கரி என்ற பூஞ்சை ஒரே ஒரு மேல்தோல் செல்லுக்குள் நுழைந்து, ஊசி முதுமையடையும் வரை ஆண்டுக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும்.

இந்தப் பயணத்தில் மிகக் குறுகலான வாசல் ஈரம். இலை மேல் நீர்ப்படலம் சில மணி நேரமாவது நிற்காவிட்டால் பல வித்துகள் முளைப்பதில்லை. இதற்குத் தெளிவான சான்று கொக்கோ மரத்திலிருந்து வந்தது. பனாமாவில் ஆர்னல்ட் குழுவினர் கொக்கோ நாற்றுகளின் இலைகளை நனையாமல் காத்தே பூஞ்சையற்ற இலைகளைப் பெற்றார்கள். இலை நனையாவிட்டால் குடியேற்றமும் இல்லை. அதே ஆய்வு, 2003-இல், இன்னொன்றையும் காட்டியது. அகவாழ் பூஞ்சைகளைக் கொண்ட இலைகள் ஃபைட்டோப்தோரா நோய்க்கிருமி தாக்கியபோது, பூஞ்சையற்ற இலைகளைவிடக் குறைவாகச் சேதமடைந்தன, குறைவாக உதிர்ந்தன. இலைக்குள் இருப்பவை சும்மா இருப்பவை அல்ல.

இலை ஈரத்தின் முக்கியத்துவம் நம் பக்கத்தில் இன்னும் பழைய அனுபவம். 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்த இலைத்துரு நோயை ஆராய 1880-இல் அனுப்பப்பட்ட ஹாரி மார்ஷல் வார்டு, அந்தப் பூஞ்சையின் வித்து காற்றில் பரவுவதையும், இலையின் ஈரத்தில் முளைத்து இலைத்துளை வழியே நுழைவதையும் கண்டு சொன்னார். அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வாழ்க்கையையும் புரட்டிப்போட்ட பூஞ்சை அது. நோய்ப் பூஞ்சையும் அமைதியாக வாழும் பூஞ்சையும் இலைக்குள் நுழையும் வழியில் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டவை அல்ல.

அடுத்தது வெப்பம். ஒவ்வொரு பூஞ்சைக்கும் வளர ஏற்ற வெப்ப எல்லை உண்டு. 22 டிகிரியில் செழிப்பது 10 டிகிரியில் பின்தங்கும், அதன் இடத்தைக் குளிர்விரும்பி பிடித்துக்கொள்ளும். உயரத்தில் புற ஊதாக் கதிரும் கடுமை. கரிய நிறமி கொண்ட இழைகளுக்கும் வித்துகளுக்கும் அங்கே சாதகம். மூன்றாவது, சுற்றுப்புறம். ஈரச் சரிவில் ஓஹியாவின் காலடியில் ஹாப்பூ மரப்பெரணியும் உலுஹே பெரணியும் அடர்ந்திருக்கும், வறண்ட பக்கத்தில் புதரும் புல்லும். இலை மேல் விழும் வித்துகளில் கணிசமானவை அக்கம்பக்கத்துச் செடிகளிலிருந்தும் சருகிலிருந்தும் வருபவை என்பதால் அண்டை வீடுகள் மாறினால் வரவும் மாறும்.

இப்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருவோம். உயரத்தில் இலையே வேறாகிவிடுகிறது: தடிமன், ரோமம், குறைந்த நைட்ரஜன். அப்படியானால் காலநிலை பூஞ்சையை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறதா, அல்லது முதலில் இலையை மாற்றி, மாறிய இலை பூஞ்சையைத் தேர்ந்தெடுக்கிறதா? 13 இடங்களின் ஒப்பீடு இந்த இரண்டையும் பிரிக்காது. வெப்பமும் மழையும் பூஞ்சைக் கூட்டத்தோடு வலுவாகத் தொடர்புடையவை என்று மட்டுமே அது காட்டும். பிரிக்க வேண்டுமானால் வெவ்வேறு உயரத்து விதைகளை ஒரே தோட்டத்தில் வளர்த்தும், ஒரே தாயின் கன்றுகளை வெவ்வேறு உயரங்களில் நட்டும் பார்க்க வேண்டும். ஓஹியாவின் ரோமமும் இலை வடிவமும் ஓரளவு மரபுவழி வருபவை என்பதால் இந்தச் சோதனைக்கு அர்த்தம் இருக்கிறது.

முறை சார்ந்த இரண்டு எச்சரிக்கைகளும் இங்கே அவசியம். பைரோசீக்வென்சிங், டிஎன்ஏ வரிசையில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களில் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் இல்லாத அரிய வகைகளை உண்டாக்கிக் காட்டக்கூடும். அதனால்தான் 4,200 என்ற எண்ணை நான் இறுதி எண்ணாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இடங்களுக்கு இடையிலான வேறுபாடு மழையோடும் வெப்பத்தோடும் ஒழுங்காக நடைபோடுவதை வாசிப்புப் பிழையால் விளக்க முடியாது, பிழைக்கு மழையளவு தெரியாது. இரண்டாவது, இது ஒருமுறை எடுத்த படம். ஈரப் பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும், இளம் இலைக்கும் முதிர்ந்த இலைக்கும் இடையே கூட்டம் மாறும் என்பது வேறு மரங்களில் நன்கு அறிந்தது.

2020-இல் ஆந்தனி அமெண்டின் ஹவாய்ப் பல்கலைக்கழகக் குழு ஒரு மரத்தோடு நிற்காமல் பல தீவுகளின் பல பூர்வீகத் தாவரங்களை எடுத்துப் பார்த்தது. அங்கே நிலப்பரப்பு சார்ந்த காரணிகளும் தாவர இனமும் இரண்டுமே பூஞ்சைக் கூட்டத்தை வடிவமைப்பது தெரிந்தது. மௌனா லோவாவில் மரத்தை ஒன்றாக வைத்ததால் இடத்தின் கை துலங்கியது. மரங்களைப் பலவாக்கியபோதும் அந்தக் கை மறைந்துவிடவில்லை.

முதுமலையில்

மலைச்சரிவில் மழை மாறுவதைப் பார்க்க நாம் ஹவாய்க்குப் போக வேண்டியதில்லை. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் முதுமலையின் கிழக்கே மசினகுடிப் பக்கம் முட்காடு, மேற்கே கூடலூரை நோக்கிப் போகப் போக உலர் இலையுதிர் காடு, பிறகு ஈர இலையுதிர் காடு, நீலகிரியின் மேலே சோலை. சென்னை விவேகானந்தர் கல்லூரியிலிருந்து டி. எஸ். சூரியநாராயணனும் அவருடைய மாணவர்களும் இந்தக் காட்டு வகைகளின் மர இலைகளில் ஆண்டுக்கணக்கில் அகவாழ் பூஞ்சைகளைத் தேடியிருக்கிறார்கள். முதல் முடிவுகள் 2002-இல் வந்தன, ஹவாய் ஆய்வுக்குப் பத்தாண்டு முன்பே. வறண்ட முட்காட்டு இலைகளில் பூஞ்சைப் பன்மை குறைவு. மழைக்காலத்தில் குடியேற்றம் கூடுகிறது. பல பூஞ்சைகள் ஒரே மரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. ஃபைலோஸ்டிக்டா கேபிடலென்சிஸ் போன்றவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்களின் மரங்களில் சாதாரணமாகத் தென்படுகின்றன.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அகாரில் வளர்த்துப் பார்த்தவை. ஆகவே ஹவாய் எண்களோடு எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. ஆனால் இங்கே கிடைத்த ஒன்று ஹவாய் ஆய்வில் இல்லை, அது நெருப்பு. முதுமலையின் உலர் காடுகளில் கோடையில் தரைத்தீ அடிக்கடி ஓடும். சருகு எரியும். சருகில் இருக்கும் பூஞ்சையும் அதோடு அழிய வேண்டும் அல்லவா? சூரியநாராயணன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுப் பூஞ்சைகள் சிலவற்றின் வித்துகள் 100 டிகிரிக்கும் மேற்பட்ட உலர் வெப்பத்தைத் தாங்கி, பிறகு முளைப்பதைக் காட்டியது. அக்கினியின் பூஞ்சைகள் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இலைக்குள் வாழ்ந்து, இலை உதிர்ந்ததும் அதையே மட்கச் செய்து, தீயையும் தாண்டி அடுத்த பருவத்துத் துளிருக்கு வித்து அனுப்பும் ஒரு வாழ்க்கைச் சுற்றை இங்கே ஊகிக்க முடிகிறது. மழையையும் வெப்பத்தையும் மட்டும் அச்சுகளாக வைத்து வரையும் வரைபடத்தில் எந்த நிலத்துக்கு எந்தக் கோடு விடுபடும் என்பதை அந்த நிலத்தில் நடப்பவர்கள்தான் சொல்ல முடியும். முதுமலைக்கு அது தீ.

துருவும் வாடலும் விதையும்

ஓஹியா காடு இப்போது நெருக்கடியில் இருக்கிறது. 2005-இல் ஆஸ்ட்ரோபக்சினியா சிடி என்ற துருப் பூஞ்சை ஹவாயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிரேசிலில் கொய்யாவின் மீது 1884-இல் விவரிக்கப்பட்ட அதே இனம். சில மாதங்களில் எல்லாத் தீவுகளுக்கும் பரவியது. ஓஹியாவை இதுவரை பெரிதாக வீழ்த்தவில்லை. ஆனால் நாவலின் நெருங்கிய உறவான ரோஸ் ஆப்பிள் மரங்களை ஈரமான பகுதிகளில் பரவலாகக் காயவைத்தது, அருகிவரும் பூர்வீகச் செடியான நியோயியைக் கடுமையாகத் தாக்கியது. இந்தத் துருவும் ஈர இரவையும் மிதமான வெப்பத்தையும் தேடுவது. ஆகவே அதன் தாக்குதல் வரைபடமும் மலையின் மழை வரைபடத்தையே பின்தொடர்கிறது.

ஓஹியாவைக் கொல்வது வேறு. செராட்டோசிஸ்டிஸ் லூகுஓஹியா, செராட்டோசிஸ்டிஸ் ஹூலிஓஹியா என்று 2018-இல் பெயரிடப்பட்ட இரு பூஞ்சைகள் காயம் வழியாக மரக்கட்டைக்குள் போய் நீரோட்டத்தை அடைக்கின்றன. லட்சக்கணக்கான மரங்கள் இறந்துவிட்டன. அதனால் ஹவாயில் ஓஹியா விதைகளைச் சேகரித்து, லயன் ஆர்போரிட்டம் போன்ற விதை வங்கிகளில் பாதுகாக்கிறார்கள். வெவ்வேறு தீவு, வெவ்வேறு உயரம் என்று பிரித்துச் சேகரிக்கிறார்கள், அது மிகச் சரி.

ஆனால் மௌனா லோவா இலைகள் சொல்வதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பூஞ்சைகள் பெரும்பாலும் விதையில் வருவதில்லை. நாற்றங்காலில் முளைக்கும் ஓஹியா, தான் எந்தச் சரிவிலிருந்து வந்ததோ அந்தச் சரிவின் இலைக்குடிகள் இல்லாமல்தான் முளைக்கிறது. நாற்றங்காலின் காற்றும் நீரும் எதைத் தருகின்றனவோ அதுதான் அதற்குக் கிடைக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓவாஹு தீவில் ஒரு சான்று உண்டு. ஃபைலோஸ்டீஜியா காலாயென்சிஸ் என்ற, துளசி குடும்பத்துச் செடி காட்டில் அழிந்து, பசுமைக்குடில்களில் மட்டுமே எஞ்சியிருந்தது. அங்கே பூஞ்சைக்கொல்லி தெளித்துத் தெளித்து வளர்த்தார்கள். காட்டுக்குக் கொண்டுபோய் நட்டால் சாம்பல்நோய் வந்து செத்தது. ஜெஃப்ரி ஸானும் அமெண்டும் 2017-இல் வெளியிட்ட சோதனையில், காட்டில் வாழும் அதன் உறவுச் செடியின் இலைகளை அரைத்து அந்தச் சாற்றைத் தெளித்தபோது நோய் குறைந்தது. ஆய்வகத்தில் தனித்தனியாக வளர்த்தெடுத்த பூஞ்சைகளைத் தெளித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காட்டிலைச் சாறு பெற்ற இலைகளில் சூடோசைமா அஃபிடிஸ் என்ற ஈஸ்ட் பெருகியிருந்தது. அவ்வாறு பாதுகாக்கப்பட்ட செடிகளை மீண்டும் காட்டில் நட்டார்கள், ஆய்வு வெளியானபோது அவை நோயின்றி இருந்தன.

அது ஒரு சிறு செடி, ஒரு நோய். ஓஹியாவின் வாடல் நோய் கட்டையில் வருவது, இலைப்பூஞ்சை அதைத் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1,800 மீட்டர் உயரத்து விதையை விதை வங்கியிலிருந்து எடுத்து, கடலோர நாற்றங்காலில் இரண்டு பருவம் வளர்த்து, மீண்டும் 1,800 மீட்டருக்குக் கொண்டுபோகும் திட்டம் எதுவானாலும், கடைசிக் கட்டத்தில் அந்த நாற்றுகளை அந்த உயரத்திலேயே உயிரோடு நிற்கும் முதிய ஓஹியாக்களின் அடியில், அவற்றின் இலை சொட்டும் நீரும் சருகும் படும்படி, ஒரு மழைக்காலமாவது வைத்திருப்பது நல்லது. செலவு அதிகமில்லை. பக்கத்தில் வாடல் நோய் கண்ட மரம் இல்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும், கத்தி படாமல் நாற்றைக் காக்க வேண்டும். இதைச் செய்ய முதிய மரங்கள் ஒவ்வொரு மழை எல்லையிலும் ஒவ்வொரு உயரத்திலும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். விதைக்கு வங்கி இருக்கிறது. இலைக்குள் வாழும் நாலாயிரத்துக்கு இப்போதைக்கு நிற்கும் மரத்தைத் தவிர வேறு வங்கி இல்லை.